மாசுப் பரிசோதனை செய்யும் லேபே மாசு உண்டாக்காமல் இருக்க என்ன செய்யலாம்? விலை உயர்ந்த கருவிகள் வேண்டுமா?

நீங்கள் கல்லூரியிலோ சிறிய லேபிலோ இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பெரிய கம்பெனியில் இதற்கென்றே ஒரு ஆள் இருப்பார், இங்கே வந்து கேட்டிருக்க மாட்டீர்கள். விலை உயர்ந்த கருவி வேண்டாம். பழைய கணக்கைத் திருப்பிப் பார்க்க மனசு வந்தால் போதும்.

திருப்பூரில் சாயக்கழிவு நீர் பார்க்கும் லேபில் வேலை செய்தேன். தினமும் சிஓடி டெஸ்ட், அதாவது தண்ணீரில் உள்ள கழிவை ரசாயன முறையில் ஆக்ஸிஜனேற்ற எவ்வளவு ஆக்ஸிஜன் வேண்டும் என்று அளப்பது. பழைய முறையில் ஒரு ஃபிளாஸ்க்குக்கு 50 மில்லி சாம்பிள், 1 கிராம் மெர்குரி சல்ஃபேட், பொட்டாசியம் டைகுரோமேட், சில்வர் சல்ஃபேட் கரைத்த சல்ஃப்யூரிக் ஆசிட் 75 மில்லி. ஆவியைத் தண்ணீரால் குளிரவைத்துத் திருப்பி விடும் கண்டென்சரை மேலே மாட்டி அதை இரண்டு மணி நேரம் கொதிக்க வைத்து, ஃபெரோயின் என்ற நிறங்காட்டி விட்டு, பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கரைசல் விட்டு டைட்ரேட் செய்வோம். பச்சை நீலம் சட்டென்று செம்பழுப்பாகும். அளவைக் குறித்துக்கொண்டு அந்தச் செம்பழுப்புத் தண்ணீரை அப்படியே சிங்கில் ஊற்றுவோம். சிங்க் குழாய் சாக்கடைக்குப் போகும், சாக்கடை நொய்யல் ஆற்றுக்குப் போகும்.

ஒரு மார்ச் மாதம் ஸ்டாக் எடுக்கும்போதுதான் உறைத்தது. நாளுக்கு 20 ஃபிளாஸ்க், வருஷத்துக்கு 300 நாள். 6 கிலோ மெர்குரி சல்ஃபேட். அதில் சுமார் 4 கிலோ வெறும் பாதரசம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

‘ஒரு சாயப்பட்டறை விடும் கழிவோடு பார்த்தால் லேப் கழிவு எம்மாத்திரம்’ என்று யாராவது கீழே கமெண்டில் எழுதுவார்கள். அளவு சிறியதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பாதரசத்தை ஊற்றியது பட்டறைக்காரர் இல்லை, நாங்கள்.

மூடிய குழாய் முறை என்று ஒன்று அங்கீகரிக்கப்பட்டே இருக்கிறது. 2.5 மில்லி சாம்பிள், 1.5 மில்லி டைகுரோமேட் கரைசல், 3.5 மில்லி ஆசிட். மூடி போட்ட கண்ணாடிக் குழாயை 150 டிகிரியில் இரண்டு மணி நேரம் டைஜெஸ்டர் என்ற சூடாக்கும் கருவியில் வைத்தால் கொதிக்க வைக்கும் வேலை முடிந்தது. மெர்குரி சல்ஃபேட் ஒரு குழாய்க்கு 0.05 கிராம்தான், அதாவது இருபதில் ஒரு பங்கு. கண்டென்சரே கிடையாது.

முதலாளியிடம் சொன்னேன். “பார்ட்டிகள் பழைய செட்டைப் பார்த்துத்தான் நம்புவாங்க” என்றார். சரி, நிரூபித்துக் காட்டலாம் என்று இரண்டு வாரம் ஒவ்வொரு சாம்பிளையும் இரண்டு முறையிலும் ஓட்டினேன். சேறு கலந்த சாம்பிள்களில்தான் எண்கள் விலகின. 2.5 மில்லியில் ஒரு துகள் கூடவோ குறையவோ விழுந்தாலே ரிசல்ட் மாறிவிடும். மிக்ஸியில் நன்றாக அடித்து, ஒன்றுக்கு இரண்டு குழாய் போட்டதும் சரியானது. அதனால் குருட்டுத்தனமாக மாறச் சொல்லவில்லை. உப்பு அதிகமான தண்ணீரில், குளோரைடு லிட்டருக்கு 2000 மில்லிகிராமைத் தாண்டினால் சாம்பிளை நீர்க்கச் செய்துதான் பார்க்க வேண்டும். ‘தண்ணீரில் உள்ள மொத்தக் கரிமக் கார்பனை அளக்கும் டிஓசி மீட்டர் வாங்கலாமே’ என்பவர்களுக்கு: மாசுக் கட்டுப்பாட்டு போர்டு கேட்பது சிஓடி, ஆற்றில் விட வரம்பு லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்று எழுதியிருப்பதும் சிஓடிக்குத்தான்.

அந்த இரண்டு வார ரிப்போர்ட்டில் என் பெயர் இல்லை. கையெழுத்துப் போட்டவர் ஒரு நாள்கூடப் பியூரெட்டைத் தொட்டதில்லை. ராத்திரி ஒன்பது மணி வரை பெஞ்சில் நின்றவனைக் ‘கெமிக்கல் பையன்’ என்றுதான் கடைசிவரை கூப்பிட்டார்கள். எம்எஸ்சி படித்துவிட்டு வருகிறவர்களுக்கு இன்றும் அதே மரியாதைதான். கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

டைஜெஸ்டர் வர எட்டு மாதமானது. அதுவரை கண்டென்சருக்கு மட்டும் வழி செய்தோம். அதற்கு முன் லாரித் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கி, இரண்டு மணி நேரம் கண்டென்சர் வழியாக ஓடவிட்டுச் சாக்கடையில் விட்டுக்கொண்டிருந்தோம். பழைய ஏர்கூலரில் தண்ணீர் ஏற்றும் சின்ன பம்ப் மோட்டாரை ஒரு பெரிய பக்கெட்டில் போட்டு, ஐஸ் கொட்டி, அதே தண்ணீரைச் சுற்றவிட்டேன். அந்த மாதமே லாரி ஒரு நடை குறைந்தது.

கழிவைத் தனிக் கேனில் சேருங்கள். மெர்குரி, குரோமியம், ஆசிட் என்று மார்க்கரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், வேறு எதையும் அதில் கலக்காதீர்கள். அபாயக் கழிவு எடுக்க அனுமதி பெற்றவர்களிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். குழாய் முறைக்கு மாறியபின் எங்கள் ஒரு நாள் கழிவு ஓரிரு டம்ளர் அளவுதான் வந்தது, கேன் நிறையவே மாதங்கள் ஆகின. டைஜெஸ்டருக்கு இப்போது பணம் இல்லை என்றால் பக்கெட்டும் மோட்டாரும் இந்த வாரமே செய்யலாம். மோட்டார் ஒயர் ஈரத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.