டிஸ்க் பெருத்தது, டிஎஃப் அசையவில்லை: எல்விஎம் கேள்வி பதில்

எல்விஎம் என்பது டிஸ்க் இடத்தைத் தொகுத்துப் பங்கிடும் லாஜிக்கல் வால்யூம் மேனேஜர். டிஸ்க் அல்லது அதன் பார்ட்டிஷன் பிவி ஆகும், பிவிகளின் தொகுப்பு விஜி, அதிலிருந்து வெட்டித் தருவது எல்வி, அதன் மேல் ஃபைல் சிஸ்டம். அந்த ஃபைல் சிஸ்டத்தின் அளவைக் காட்டும் கட்டளை டிஎஃப். இதில் இடம் கூட்டும்போது எங்கே மாட்டினீர்கள் என்று கேட்டிருந்தேன். வந்ததில் பாதி, வேறு வேறு சொற்களில் ஒரே கேள்விதான். அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அக்கா, விஎம்வேரில் டிஸ்க்கை 100 ஜிபியிலிருந்து 200 ஆக்கிவிட்டேன். எல்வியைப் பெரிதாக்கும் எல்விஎக்ஸ்டெண்ட் போட்டால் இடமே இல்லை என்கிறது. விஜிஎஸ் கட்டளையில் விஃப்ரீ, அதாவது விஜியின் காலியிடம், 0. கூட்டிய 100 ஜிபி எங்கே போனது?

பதில்: அணையைத் திறந்துவிட்டீர்கள், தண்ணீர் கடைமடைக்கு வரவில்லை. நடுவில் எந்த மதகு மூடியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். டிஸ்க், பார்ட்டிஷன் அளவுகளைக் காட்டும் எல்எஸ்பிஎல்கே அடியுங்கள். டிஸ்க்கே இன்னும் 100 என்று காட்டினால் கர்னலுக்குச் சேதி போகவில்லை. சிஸ் அடைவுக்குள் அந்த டிஸ்க்கின் பெயரில் போய், டிவைஸுக்கு உள்ளே இருக்கும் ரீஸ்கேன் கோப்பில் 1 என்று எழுதினால் போதும், ரீபூட் வேண்டாம். டிஸ்க் 200, பார்ட்டிஷன் 100 என்றால் பார்ட்டிஷனை வளர்க்கும் க்ரோபார்ட். அதில் டிஸ்க் பெயருக்கும் பார்ட்டிஷன் எண்ணுக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும். சேர்த்து எழுதிவிட்டு அரை மணி நேரம் முழித்தவர்களில் நானும் ஒருத்தி. அதற்கு அப்புறம்தான் பிவியைப் பெரிதாக்கும் பிவிரீசைஸ்.

பலர் பார்ட்டிஷனைத் தொடாமல் நேராகப் பிவிரீசைஸுக்குப் போகிறார்கள். ஒன்றுமே மாறாவிட்டாலும் அது '1 பிசிக்கல் வால்யூம் ரீசைஸ் அல்லது அப்டேட் ஆனது' என்று சிரித்த முகமாகச் சொல்லும். அதை நம்பாதீர்கள். விஜிஎஸ்ஸில் விஃப்ரீ ஏறியிருக்கிறதா என்பதை மட்டும் நம்புங்கள்.

கேள்வி: ரூட் பார்ட்டிஷன் 100 சதவீதம் நிரம்பிவிட்டது. அதைப் பெரிதாக்கத்தான் க்ரோபார்ட் ஓட்டினேன். அதுவே இடமில்லை என்று நின்றுவிடுகிறது.

பதில்: க்ரோபார்ட் தன் வேலைக்கு டிஎம்பி அடைவில் ஒரு தற்காலிக அடைவு உண்டாக்கும். அது ரூட்டிலேயே இருந்தால் எங்கே உண்டாக்கும்? டிஎம்பி மீது 10 எம்பி டிஎம்பிஎஃப்எஸ் (நினைவகத்தில் இருக்கும் ஃபைல் சிஸ்டம்) ஒன்றை மவுண்ட் செய்துவிட்டு ஓட்டுங்கள், வேலை முடிந்ததும் அன்மவுண்ட் செய்துவிடலாம். அடுத்த தடை எல்விஎம்மிடம் வரும். ஒவ்வொரு மாற்றத்துக்கு முன்னும் அது ஈடிசி எல்விஎம் அடைவில் மெட்டாடேட்டா (எது எங்கே என்ற வரைபடம்) நகல் எழுதப் பார்க்கும். அதை ஆட்டோபேக்கப் 'என்' கொடுத்துத் தவிர்க்கலாம். ஆனால் அந்த நகல் எப்போது உயிரைக் காப்பாற்றும் என்பதைக் கீழே பாருங்கள். முடிந்தால் பழைய ஜர்னல் லாக் கொஞ்சம் அழித்து இடம் உண்டாக்குவதே மேல்.

கேள்வி: புதிதாக 10 ஜிபி டிஸ்க் சேர்த்து, 10 ஜிபி கூட்டு என்றேன். 2560 எக்ஸ்டெண்ட் வேண்டும், 2559தான் இருக்கிறது என்கிறது. ஒன்றே ஒன்று குறைகிறதே!

பதில்: பிவியின் தலைப்பகுதியில் மெட்டாடேட்டாவுக்குக் கொஞ்சம் போய்விடும். மிச்சத்தில் முழு 4 எம்பி எக்ஸ்டெண்டுகளாக வெட்டினால் ஒன்று குறையத்தான் செய்யும். ஜிபி கணக்கை விடுங்கள். சின்ன எல் போட்டு, ப்ளஸ் 100 சதவீதம் ஃப்ரீ என்று கொடுங்கள்.

கேள்வி: எல்வி பெரிதாகிவிட்டது, ஆனால் ரீசைஸ்2எஃப்எஸ் 'சூப்பர் பிளாக்கில் தவறான மேஜிக் எண்' என்கிறது. டேட்டா போய்விட்டதா மேடம்?

பதில்: பயப்படாதீர்கள், ஒன்றும் போகவில்லை. ரீசைஸ்2எஃப்எஸ் எக்ஸ்ட் வகை ஃபைல் சிஸ்டத்தை வளர்க்க மட்டும்தான், அநேகமாக உங்களுடையது எக்ஸ்எஃப்எஸ். 2014இல் வந்த ரெட் ஹாட் 7 முதல் அந்தக் குடும்பத்தில் அதுதான் இயல்பு. பிளாக்ஐடி போட்டு உறுதி செய்துகொண்டு எக்ஸ்எஃப்எஸ் க்ரோஎஃப்எஸ் ஓட்டுங்கள், மவுண்ட் ஆகியிருக்கும் இடத்தைக் கொடுத்து. அடுத்த முறை எல்விஎக்ஸ்டெண்டிலேயே, ஃபைல் சிஸ்டத்தையும் சேர்த்து வளர்க்கும் மைனஸ் ஆர் சேர்த்தால் இந்தத் தலைவலி இல்லை.

கேள்வி: எங்களிடம் இன்னும் ஐபிஎம்மின் யூனிக்ஸான ஏஐஎக்ஸ்தான். 64 ஜிபிக்கு மேல் ஒரு எல்வி நகர மறுக்கிறது, 0516-787 பிழை. விஜியில் நிறைய இடம் இருக்கிறது.

பதில்: உங்கள் பிபி (டிஸ்க்கில் ஒரு துண்டு) அளவு 128 எம்பிதானே? ஒரு எல்விக்கு இயல்பான உச்சம் 512 எல்பி (எல்வியின் துண்டு). பெருக்கிப் பாருங்கள், சரியாக 64 ஜிபி. சிஎச்எல்வியில் மைனஸ் எக்ஸ் போட்டு உச்சத்தை 1024 ஆக்கிவிட்டு, சிஎச்எஃப்எஸ்ஸில் அளவைக் கூட்டுங்கள். அது எல்வி, ஃபைல் சிஸ்டம் இரண்டையும் சேர்த்தே வளர்க்கும். அப்புறம் இடம் ஒதுக்க முடியவில்லை என்று 0516-404 வந்தால் மிர்ரர், அதாவது இரட்டைப் பிரதி, இருக்கிறதா பாருங்கள். ஒவ்வொரு எல்பிக்கும் இரண்டு பிபி, அதுவும் வேறு வேறு டிஸ்க்கில் வேண்டும். ஒரே டிஸ்க்கில் எவ்வளவு காலியிடம் கிடந்தாலும் பயனில்லை.

கேள்வி: 50 ஜிபி எல்வியில் 10 கூட்ட நினைத்து, எல்விரீசைஸில் ப்ளஸ் குறி விட்டுவிட்டேன். எச்சரிக்கையைப் படிக்காமல் 'ஒய்' அடித்துவிட்டேன். இப்போது எல்வி 10 ஜிபி. கை நடுங்குகிறது அக்கா.

பதில்: தம்பி, கீபோர்டிலிருந்து கையை எடு. அந்த விஜியில் புதிதாக எல்வி உண்டாக்காதே, எதையும் பெரிதாக்காதே, ஃபைல் சிஸ்டத்தைப் பழுதுபார்க்கும் எஃப்எஸ்சிகே பக்கம் போகவே போகாதே. நீ மாற்றியது வரைபடத்தை மட்டும்தான். சாதாரண லீனியர் எல்வி என்றால், டிஸ்கார்டு (இந்தப் பிளாக்குகள் இனி வேண்டாம் என்று டிஸ்க்குக்குச் சொல்வது) அனுப்பும்படி அமைப்பு மாற்றாமல் இருந்தால், அந்த 40 ஜிபியின் பிளாக்குகள் வேறு யாரும் எழுதும்வரை அப்படியே கிடக்கும்.

முதலில் அன்மவுண்ட் செய். ஈடிசி எல்விஎம் அடைவில் ஆர்க்கைவ் இருக்கிறது. அதிலுள்ள கோப்பு ஒவ்வொன்றிலும், எந்தக் கட்டளைக்கு 'முன்பு' எழுதப்பட்டது என்று ஒரு விவரணை வரி இருக்கும். நீ அடித்த எல்விரீசைஸ் வரியே அதில் அப்படியே தெரியும். அந்தக் கோப்பைக் கொடுத்து, பழைய வரைபடத்தை மீட்கும் விஜிசிஎஃப்ஜிரீஸ்டோர் ஓட்டு. எல்வியை முடக்கி மறுபடி இயக்கு. எழுதாமல் சோதிக்கும் முறையில் ஃபைல் சிஸ்டத்தைப் பார், சுத்தமாக இருந்தால் மவுண்ட் செய். தின் பூல் (எழுதும்போதுதான் இடம் ஒதுக்கும் வகை) என்றால் இந்த வழி இல்லை, பேக்கப்பைத் தேடு.

எனக்கும் ஒரு ராத்திரி இதே கதிதான், மணி இரண்டு இருக்கும். அந்த விவரணை வரியில் என் கட்டளையைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

கேள்வி: முதல் கேள்வி கேட்டவன்தான் அக்கா. க்ரோபார்ட் 'நோசேஞ்ச், வளர்க்க முடியாது' என்கிறது. பிவி இருப்பது எஸ்டிஏ5, அதாவது எஸ்டிஏ டிஸ்க்கின் 5ஆம் பார்ட்டிஷன்.

பதில்: 5 என்று முதலிலேயே சொல்லியிருக்கலாம்! அது லாஜிக்கல் பார்ட்டிஷன், எக்ஸ்டெண்டடுக்குள் உட்கார்ந்திருக்கிறது. வெளிச்சுவர் நகராமல் உள்சுவர் எப்படி நகரும்? முதலில் க்ரோபார்ட்டில் எஸ்டிஏ, இடைவெளி, 2 (அநேகமாக அதுதான் எக்ஸ்டெண்டட்). அப்புறம் எஸ்டிஏ, இடைவெளி, 5. பிறகு பிவிரீசைஸ்.

கேள்வி: விஃப்ரீ 100 ஜிபி காட்டுகிறது அக்கா!

பதில்: சரி, இனி மைனஸ் ஆரை மறக்காமல் போடுங்கள்.