முன்பணம் கட்டும் முன் மூன்று மாதம்

பள்ளிப் படிப்பை முடித்த மகளை எதில் சேர்ப்பது என்று தெரியாமல் வீட்டில் யாருக்கும் சரியான தூக்கம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் அவளுடைய சித்தப்பா, ஆறு மாத செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி ஒன்றில் சேர்த்தே ஆக வேண்டும் என்கிறார். கட்டணம் உங்கள் சேமிப்பைத் தாண்டுகிறது, மீதிக்குக் கடன் வாங்கலாம் என்கிறார். முன்பணம் கட்ட இந்த வாரமே கடைசி. கேட்டால் மகள் "உங்க இஷ்டம்" என்கிறாள். உங்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது. கடைசித் தேதி என்று ஒருவர் சொல்லிவிட்டால் யாராக இருந்தாலும் தடுமாறத்தான் செய்வார்கள்.

சரி, ஆறுதல் போதும். முன்பணத்தைக் கட்டாதீர்கள். ஒரு பயிற்சி நிலையம் உண்மையிலேயே நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறது என்றால் அடுத்த அணியிலும் நன்றாகத்தான் சொல்லிக்கொடுக்கும். இந்த வாரம் போனால் வாய்ப்பே போய்விடும் என்பது விற்பனைப் பேச்சு. கடன் வாங்கிக் கட்டும் பணத்துக்கு இன்னொரு கேடும் உண்டு: பாதியில் பிடிக்கவில்லை என்று தெரிந்தாலும் பிள்ளை அதை வாய்விட்டுச் சொல்லாது. அப்பா கடன் வாங்கியிருக்கிறார் என்ற நினைப்பே அதன் வாயை அடைத்துவிடும். இப்போதே "உங்க இஷ்டம்" என்று சொல்கிற பெண் அவள்.

உங்கள் கடிதத்தின் அடியில் அவளே இரண்டு வரி சேர்த்திருக்கிறாள். நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. பள்ளி நூலகப் பதிவேட்டைக் கணினியில் ஓர் அட்டவணையாகப் போட்டாளாம். ஒரே அகராதிக்கு மூன்று பிரதிகள் இருந்ததால் மூன்று வரிசைகள் எழுதினாளாம். ஒன்றில் ஆசிரியர் பெயரில் எழுத்து மாறிவிட, தேடினால் இரண்டு வேறு புத்தகங்கள் போலக் காட்டியதாம். "இதை எப்படிச் சரியாகச் செய்வது?" என்று கேட்டு முடித்திருக்கிறாள். கட்டணம், கடன், சித்தப்பா எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமாகப் பட்டது இந்தக் கேள்விதான். பொருள்நோக்கு நிரலாக்கம், அதாவது மாணவர்கள் ஊப்ஸ் என்று சொல்லும் பாடம், இப்படிப்பட்ட சிக்கலுக்குத்தான் பதில் தேடுகிறது.

பட்டப் படிப்புகளைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அதற்குச் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பட்டியலோடு வந்திருப்பார்கள். நான் சொல்ல வருவது யாரும் பரிந்துரைக்காத ஒரு வழி: மூன்று மாதம், தினம் ஒன்றரை மணி நேரம், ஒரு காசும் செலவில்லாமல், அவளுடைய நூலகத்தை அவளே நிரலாக எழுதட்டும். அதற்கு புளூஜே என்ற இலவச மென்பொருள் போதும். ஜாவா என்ற நிரலாக்க மொழியைப் புதிதாகக் கற்பவர்களுக்காகவே, 1999-இல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவானது. பெரிய நிறுவனங்களில் யாரும் இதில் வேலை செய்வதில்லை. அதனால் "இதெல்லாம் பொம்மை" என்று சித்தப்பா சிரிப்பார். சிரிக்கட்டும்.

வழக்கமான வகுப்பில் முதல் நாளே பப்ளிக் ஸ்டாட்டிக் வாய்ட் மெயின் என்று ஒரு வரி எழுதச் சொல்வார்கள். அர்த்தம் கேட்டால், பிறகு புரியும் என்பார்கள். பல பிள்ளைகளுக்குக் கடைசி வரை புரிவதில்லை. புளூஜேயில் அந்த வரி இல்லாமலே தொடங்கலாம். கிளாஸ் என்பது ஒரு வகைப் பொருளுக்கான வார்ப்பு. ஒவ்வொரு கிளாஸும் திரையில் ஒரு பெட்டியாக நிற்கும். அதன் மேல் வலது சொடுக்குப் போட்டு, புதிதாக ஒன்று உருவாக்கு என்றால், திரையின் கீழ்ப்பகுதியில் ஓர் ஆப்ஜெக்ட், அதாவது அந்த வார்ப்பில் செய்த ஒரு பொருள், வந்து உட்காரும். இன்னொரு முறை செய்தால் இன்னொன்று. கிளாஸ் ஒன்று, அதிலிருந்து பிறந்த ஆப்ஜெக்ட்கள் பல என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை, கண் முன்னே இருக்கிறது. ஆப்ஜெக்டைச் சொடுக்கினால் அதன் மெத்தட்கள், அதாவது அது செய்யக்கூடிய வேலைகள், பட்டியலாக வரும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து இயக்கிவிட்டு, உள்ளே என்ன மாறியது என்று திறந்தும் பார்க்கலாம்.

இப்போது அவளுடைய அகராதிக்கு வருவோம். அவள் குழம்பியதற்குக் காரணம் கவனக்குறைவு இல்லை. நூல் வேறு, பிரதி வேறு. தலைப்பும் ஆசிரியரும் நூலுக்கு உரியவை. பிரதிக்கு உரியவை அதன் வரிசை எண்ணும், அது அலமாரியில் இருக்கிறதா வெளியே போயிருக்கிறதா என்ற நிலையும். ஆக, நூல் என்று ஒரு கிளாஸ், பிரதி என்று ஒரு கிளாஸ். ஒவ்வொரு பிரதியும் தான் எந்த நூலின் பிரதி என்பதைச் சுட்டும். புளூஜேயில் மூன்று பிரதிகளை உருவாக்கித் திறந்து பார்த்தால் மூன்றிலும் ஓர் அம்புக்குறி இருக்கும். அதைத் தொடர்ந்து போனால் மூன்றும் ஒரே நூல் ஆப்ஜெக்டில் போய் முடியும். ஆசிரியர் பெயரை அங்கே ஒருமுறை திருத்தினால் போதும், மூன்று பிரதிகளுக்கும் சரியாகிவிடும். இப்படிச் சுட்டுவதற்குப் பெயரான ரெஃபரன்ஸ் என்பதை வரையறையாக மனப்பாடம் செய்தவர்கள் பலர், அதை இப்படிக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. நூல் இல்லாமல் ஒரு பிரதி பிறக்கவே கூடாது என்று அவள் நினைத்தால், ஆப்ஜெக்ட் உருவாகும்போதே ஓடும் கன்ஸ்ட்ரக்டரில் அதை எழுதுவாள்.

அடுத்து அவள் ஒரு சிக்கலில் மாட்டுவாள். திருப்ப வேண்டிய தேதியை எங்கே வைப்பது? பிரதியிலா, உறுப்பினரிடமா? பிரதியில் வைத்தால், போன மாதம் யார் எடுத்தார்கள் என்பது அழிந்துபோகும். உறுப்பினரிடம் வைத்தால், மூன்று புத்தகம் எடுத்தவருக்கு எந்தத் தேதி? கொஞ்சம் முட்டி மோதிய பிறகு, இரவல் என்பதே ஒரு தனி கிளாஸாக இருக்க வேண்டும் என்று அவளுக்கே தோன்றும்: எந்தப் பிரதி, யார் எடுத்தார், எடுத்த நாள், திருப்ப வேண்டிய நாள். கையால் தொட முடியாத ஒரு நிகழ்வும் ஆப்ஜெக்ட் ஆகலாம் என்று தெரிகிற இந்த இடத்தை அவளாகவே எட்ட விடுங்கள். யாரும் முன்கூட்டியே சொல்லிக்கொடுக்காதீர்கள்.

பிரதியின் நிலையை யார் வேண்டுமானாலும் நேரடியாக மாற்றலாம் என்று விட்டால் ஒரு நாள் பிரதி "அலமாரியில் இருக்கிறேன்" என்று சொல்லும், இரவல் "வெளியே இருக்கிறது" என்று சொல்லும். அதனால் நிலையை ப்ரைவேட் ஆக்கிவிட்டு, அதாவது வெளியிலிருந்து தொட முடியாதபடி செய்துவிட்டு, கொடு, திருப்பு என்ற மெத்தட்கள் வழியாக மட்டுமே மாற்ற விட வேண்டும். திருப்பு மெத்தட் இரவலையும் சேர்த்து முடித்துவைக்கும். தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வியாக வரும் என்காப்சுலேஷனின் பயன் இதுதான்.

ஒரு கிளாஸிடம் இருப்பதைப் பெற்றுக்கொண்டு அதிலிருந்து துணைக் கிளாஸ் எழுதும் இன்ஹெரிட்டன்ஸ் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. புதிதாகக் கற்பவர்களுக்கு அது மிகவும் பிடித்துப்போகும். வீட்டுக்குத் தரக்கூடாத நூல்கள் இருக்கின்றன அல்லவா, உடனே "குறிப்புதவிப் பிரதி" என்று பிரதியிலிருந்து ஒரு துணைக் கிளாஸ் எழுதி, இரவல் கேட்டால் மறுக்கும்படி செய்துவிடுவாள். எந்தப் பிரதியையும் இரவல் தரலாம் என்று நம்பி வேறு இடங்களில் எழுதிய நிரல் அங்கே உடையும். தாய்க் கிளாஸ் தரும் வாக்கைத் துணைக் கிளாஸ் மீறக்கூடாது. 1987-இல் கணினி அறிவியலாளர் பார்பரா லிஸ்கோவ் எடுத்துப் பேசிய இந்த விதி இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. இதைவிட நல்ல வழி, ஒவ்வொரு பிரதியும் தனக்கென ஓர் இரவல் விதியை வைத்துக்கொள்வது. ஒரு விதி ஏழு நாள் தரும், இன்னொன்று பதினான்கு நாள் தரும், மற்றொன்று தரவே தராது. "இவருக்கு இன்று கொடுக்கலாமா?" என்ற ஒரே கேள்விக்கு ஒவ்வொரு விதியும் தன் வழியில் பதில் சொல்லும், கேட்பவர் கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார். பாலிமார்ஃபிசம் என்ற பயமுறுத்தும் பெயருக்குள் இருப்பது இவ்வளவுதான்.

அவள் போட்ட சாதாரண அட்டவணையைக் கூட்டிப் பார்ப்பது போன்ற வேலைக்கு கிளாஸ் எதுவும் தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எதற்கெடுத்தாலும் கிளாஸ் எழுதுவது ஒரு வியாதி. ஆரம்பத்தில் எல்லோருக்கும் வரும், தானாகவே போய்விடும்.

இனி சித்தப்பாவின் வாதம். "அடிப்படை எல்லாம் இப்போது இயந்திரமே எழுதுகிறது, அதைக் கற்று என்ன பயன்?" இயந்திரம் எழுதுகிறது, உண்மைதான். ஆனால் தாமதக் கட்டணம் பிரதியின் பொறுப்பா, இரவலின் பொறுப்பா என்று கேட்டுத் திருத்த ஓர் ஆள் வேண்டும். அது இருக்கட்டும், அவர் சொல்லும் அந்தப் பயிற்சியையே எடுத்துக்கொள்வோம். செயற்கை நுண்ணறிவுக்குப் பெரிதும் பயன்படும் பைடார்ச் என்ற நிரல் தொகுப்பில், ஒரு நரம்பு வலையை, அதாவது தரவிலிருந்து கற்கும் மாடலை, உருவாக்குபவர்கள் பெரும்பாலும் அதிலுள்ள மாட்யூல் என்ற கிளாஸிலிருந்து ஒரு துணைக் கிளாஸைத்தான் எழுதுகிறார்கள். தாய்க் கிளாஸின் தொடக்க மெத்தடை அழைக்க மறந்துவிட்டு, அதற்குள் ஓர் அடுக்கைச் சேர்க்கப் போனால் பிழை வரும். ஊப்ஸ் தெரிந்தவளுக்கு ஏன் என்று அந்த நிமிடமே விளங்கும். தெரியாதவள் அந்த வரியை மந்திரம் போல எழுதிக்கொண்டே இருப்பாள். சைகிட் லேர்ன் என்ற இன்னொரு நிரல் தொகுப்பிலும் இதே கதைதான்: கணிக்கும் மாடல்கள் எத்தனை இருந்தாலும் எல்லாவற்றுக்கும் கற்பதற்கு ஃபிட், கணிப்பதற்கு ப்ரெடிக்ட் என்று ஒரே பெயர்கள். நூலக விதியில் அவள் பார்த்த அதே பாலிமார்ஃபிசம். அடிப்படையைத் தாண்டிக் குதிக்கும் ஆறு மாதத்துக்குக் கடன் வாங்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

"ஜாவா பழசு, பைத்தான்தான் இப்போது" என்றும் சொல்லியிருக்கிறார். மொழி இரண்டாம்பட்சம். கிளாஸும் ஆப்ஜெக்டும் 1960களில் நார்வேயில், ஓலே யோஹான் தாலும் கிறிஸ்டன் நைகார்டும் உருவாக்கிய சிமுலா மொழியிலேயே வந்துவிட்டன. அதன் பிறகு எத்தனையோ மொழிகள் வந்தன, போயின. இந்த எண்ணம் நிற்கிறது. நூலகத்தை ஜாவாவில் எழுதி முடித்தவள் பைத்தானுக்குச் சில வாரங்களில் மாறிவிடுவாள். அங்கே ப்ரைவேட் என்ற கட்டாயம் இல்லை, பெயருக்கு முன்னால் அடிக்கோடு போடும் மரபுதான், ஒவ்வொரு மெத்தடிலும் அந்த ஆப்ஜெக்டையே குறிக்கும் செல்ஃப் எழுத வேண்டும். இப்படிச் சில பழக்கங்கள் மாறும், அவ்வளவே.

மூன்று மாதத்தில் என்ன பார்க்க வேண்டும்? வேகத்தைப் பார்க்காதீர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். பிழை வந்தால் அவள் என்ன செய்கிறாள் என்று பாருங்கள். யாரும் சொல்லாமலே மறுநாள் திரும்ப வந்து உட்கார்ந்தால், இந்தத் துறையில் அவளுக்கு நாட்டம் இருக்கிறது. அப்போது பணம் செலவழிப்பதைப் பற்றிப் பேசலாம். அப்போதும், பாதியில் விலகினால் எவ்வளவு திரும்ப வரும் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே. நிரல் எழுதுவதைவிட, எது நூல் எது பிரதி என்று பிரித்து யோசிப்பதில்தான் அவளுக்குச் சுவாரசியம் என்று தெரிந்தால், தரவு வடிவமைப்பும் நூலக அறிவியலும் அவளுக்குப் பொருந்தும். அவை மட்டமான தேர்வுகள் இல்லை. எதுவுமே பிடிக்கவில்லை என்று சொன்னால் அதை சோம்பேறித்தனம் என்று மொழிபெயர்க்காதீர்கள், அது ஒரு பதில். இந்த இடத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். படிக்கப்போவது அவள், கடைசிச் சொல்லும் அவளுடையதே.

வீட்டுப் பழைய கணினி போதுமா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் போதும். விண்டோஸிலும் மேக்கிலும் புளூஜேயை நிறுவும்போதே தேவையான ஜாவாவும் சேர்ந்து வந்துவிடும். புதிய பதிப்பு ஓடவில்லை என்றால் முந்தைய பதிப்புகளும் அதே தளத்தில் இருக்கின்றன. இதற்காகப் புது மடிக்கணினி வாங்காதீர்கள்.