ரெக்கார்ட் பிளேயரில் கார்ட்ரிட்ஜை (ஊசி பொருந்திய சின்னப் பெட்டியை) நேராகப் பொருத்துவது: கேள்வி பதில்

கேள்வி: புது கார்ட்ரிட்ஜ் மாட்டினேன் சார். முதல் பாட்டு அருமை, கடைசிப் பாட்டில் 'ஸ' வரும் இடமெல்லாம் சீறுகிறது. ஊசி பழுதா?

பதில்: புது ஊசிதானே, அவசரப்பட்டுக் கடைக்கு ஓடாதீர்கள். நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் எல்பி தட்டில் வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் நொடிக்கு 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது, லேபிள் பக்கம் வெறும் 21. அங்கே ஒலி நெருக்கியடித்துப் பதிந்திருப்பதால் கோணம் துளி பிசகினாலும் காது கண்டுபிடித்துவிடும். கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கை, அதாவது டோன்ஆர்ம், ஒரு முனையில் சுழல்வதால் ஊசி பள்ளத்தோடு சரியாக ஒத்துப்போவது இரண்டே இடங்களில்தான்; பேர்வால்ட் என்பவர் போட்ட கணக்கில் தட்டின் மையத்திலிருந்து 66, 120.9 மில்லிமீட்டர். புரொட்ராக்டரில் (கோணம் பார்க்கும் கோடு போட்ட அட்டையில்) அந்த இரண்டு புள்ளியிலும் ஊசியை இறக்கிப் பாருங்கள். இரண்டிலும் ஒரே அளவு ஒரே பக்கம் சாய்ந்தால் கார்ட்ரிட்ஜைத் திருப்புங்கள், ஒன்றில் சரியாகி மற்றதில் பிசகினால் ஹெட்ஷெல்லில் (டோன்ஆர்ம் நுனியில் கார்ட்ரிட்ஜை மாட்டும் இடத்தில்) முன்னே பின்னே தள்ளுங்கள். பார்க்க வேண்டியது கார்ட்ரிட்ஜின் விளிம்பை அல்ல, ஊசியைத் தாங்கும் மெல்லிய கம்பியை, அதாவது கான்டிலீவரை. ஸ்க்ரூவைத் தொடும்போது ஊசிக்கு உறை போட்டிருக்க வேண்டும்.

கேள்வி: புரொட்ராக்டரை நானே பிரிண்ட் எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம், 100% அளவில். ஸ்கேல் வைத்து அளந்த பிறகுதான் நம்ப வேண்டும்.

கேள்வி: ஊசி தட்டை அழுத்தும் எடை எவ்வளவு வைப்பது?

பதில்: தயாரிப்பாளர் சொன்னதுதான். கார்ட்ரிட்ஜ் ஆர்டோஃபோன் 2எம் ரெட் என்றால் 1.8 கிராம், ஆடியோ டெக்னிக்கா விஎம்95இ என்றால் 2. எடை குறைந்தால் தட்டுக்கு நல்லது என்பது தவறு, ஊசி பள்ளத்தில் தத்தித்தான் தட்டைக் கெடுக்கும். கார்ட்ரிட்ஜை நகர்த்தினால் எடையும் மாறும், மறுபடி அளந்துவிடுங்கள்.

கேள்வி: பேர்வால்ட் எதற்கு? என் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 பிளேயர் கூட வந்த அளவியில் ஊசி முனையை 52 மில்லிமீட்டரில் வைத்தாலே போதுமே!

பதில்: போதும், ஆனால் அது வேறு கணக்கு, ஸ்டீவன்சன் என்பவருடைய முறைக்கு நெருக்கமானது. ஸ்டீவன்சனில் உள்புள்ளி 60.3, அதனால் லேபிளை ஒட்டிய பள்ளங்களுக்குச் சாதகம். 7 அங்குல சினிமா இபி தட்டுகள்தான் உங்களிடம் அதிகம் என்றால் அப்படியே விடுங்கள், அவற்றில் பாட்டு லேபிளுக்கு இன்னும் பக்கத்தில் முடிகிறது. எல்பிதான் அதிகம் என்றால் என் ஓட்டு பேர்வால்டுக்கே.

கேள்வி: லோஃப்கிரனை விட்டுவிட்டீர்களே! இந்தக் கோணக் கணக்கை 1938-லேயே சொன்னவர் அவர்.

பதில்: நியாயம். பேர்வால்ட் 1941-ல் சொன்னதும் அதே தீர்வுதான், அதைத்தான் லோஃப்கிரன் ஏ என்கிறார்கள். லோஃப்கிரனின் பி முறையில் புள்ளிகள் 70.3, 116.6, நடுவில் பிசகு குறையும், லேபிள் ஓரத்தில் கூடும். அந்தக் கடைசிப் பாட்டுச் சீறலுக்கு அது மருந்தில்லை.

கேள்வி: எடை எத்தனை கிராம் சார்?

பதில்: மேலே இருக்கிறது, படியுங்கள்.

கேள்வி: 'உம்ம்' என்று இரைச்சல் வருகிறது.

பதில்: கோணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எர்த் ஒயரைப் பாருங்கள்.

கேள்வி: இதே ஊசியில் தாத்தாவின் 78 தட்டைப் போடலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பள்ளம் அகலமானது, 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) ஊசி தனியாக வாங்குங்கள்.