யுகானில் கரடிப் பாதுகாப்புக்கு எந்தத் துப்பாக்கி?

கேள்வி: டொரண்டோவின் ஸ்காபரோவில் இருக்கிறேன். ஜூன் முதல் மூன்று மாதம், கனடாவின் வடமேற்கில் உள்ள யுகானில் ஒரு கனிம ஆய்வு முகாமில் வேலை. ஹெலிகாப்டரில்தான் போய்வர முடியும். கிரிஸ்லி கரடிகள் நடமாடும் இடம். ஒரு ஷாட்கன் கொண்டுபோ என்கிறார்கள் நண்பர்கள். ரெமிங்டன் 870, மாஸ்பெர்க் 590 என்று இரண்டு பெயர்கள் காதில் விழுகின்றன. எது நம்பகமானது? பழையது வாங்கலாமா? இதுவரை நான் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை.

பதில்: உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன்.

கனடாவில் துப்பாக்கிக்கு மட்டுமல்ல, தோட்டா வாங்கவும் பிஏஎல் (PAL) எனப்படும் துப்பாக்கி உரிமம் வேண்டும். பாதுகாப்புப் பயிற்சி வகுப்பில் சேர்ந்து, எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் 80 சதவீதம் எடுக்க வேண்டும். முதல்முறை விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு உண்டு. நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே இழுக்கும். ஆகவே வகுப்புக்கு இந்த வாரமே பதியுங்கள். கூடவே முகாம் நடத்தும் நிறுவனத்திடமும் கேட்டுவிடுங்கள். சொந்தத் துப்பாக்கியை முகாமுக்குள் விடாத நிறுவனங்கள் உண்டு. தாங்களே துப்பாக்கியும் கரடிக் காவலரும் வைத்திருப்பார்கள். அப்படியானால் உங்கள் பணம் மிச்சம்.

துப்பாக்கி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கரடி ஸ்ப்ரே (மிளகாய்க் காரத்தைப் பீய்ச்சும் குப்பி) ஒன்று உங்கள் இடுப்பில் இருக்கட்டும். இதை நான் சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை. கரடி ஆய்வாளர்கள் டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ ஆகியோர் அலாஸ்காவில் நடந்த சம்பவங்களைத் திரட்டி 2008இல் வெளியிட்ட ஆய்வில், பழுப்புக் கரடிகளிடம் ஸ்ப்ரே அடித்தபோது 92 சதவீதம் பலன் கிடைத்திருந்தது. (கிரிஸ்லியும் பழுப்புக் கரடி இனம்தான்.) அவர்களே 2012இல் 269 துப்பாக்கிச் சம்பவங்களை ஆராய்ந்தார்கள். துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களுக்கும், கையில் இருந்தும் பயன்படுத்தாதவர்களுக்கும் காயப்பட்டதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. காரணம் ஊகிக்க முடியாததல்ல. பாய்ந்து வரும் கரடியின் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். 30 மீட்டர் தூரத்தைக் கடக்க அதற்கு இரண்டு விநாடிதான் வேண்டும். அதற்குள் தோளிலிருந்து எடுத்து, பூட்டை விலக்கி, குறிபார்த்துச் சுட வேண்டும். ஸ்ப்ரேயைப் பயணிகள் விமானத்தில் கொண்டுபோக முடியாது. யுகானின் தலைநகர் வைட்ஹார்ஸில் இறங்கி வாங்கிக்கொள்ளுங்கள். ஹெலிகாப்டரில் ஏறும்போது அதை எங்கே வைப்பது என்று விமானியிடம் கேளுங்கள். உள்ளே வெடித்தால் அவருக்குக் கண் தெரியாது.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். 12 கேஜ் (குழலின் துளை அளவு), பம்ப் ஆக்‌ஷன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கையால் முன்னும் பின்னும் இழுத்து இயக்குவதால், தோட்டா பலவீனமாக இருந்தாலும் குளிரில் எண்ணெய் கெட்டிப்பட்டாலும் வேலை செய்யும். அரைத் தானியங்கி வகை இந்த விஷயத்தில் கொஞ்சம் செல்லப்பிள்ளை.

நீங்கள் கேட்ட இரண்டுமே நல்லவை. 870இன் உடல் எஃகு, மாஸ்பெர்க் அலுமினியம். எனக்குப் பெரிதாகப் படுவது பாதுகாப்புப் பூட்டு இருக்கும் இடம். 870இல் விசைக்குப் பின்னால் குறுக்காக அழுத்தும் பொத்தான். மாஸ்பெர்க்கில் மேலே, கட்டைவிரல் தானாகப் போய் நிற்கும் இடத்தில். கையுறை போட்ட கைக்கும் இடக்கைக்காரருக்கும் அது சுலபம். முதல் துப்பாக்கி என்பதால் உங்களுக்கு மாஸ்பெர்க் என்பேன். ஆனால் கடையில் இரண்டையும் தோளில் வைத்துப் பாருங்கள். தோள்கட்டை நீளமாக இருந்து கன்னம் சரியாகப் படியவில்லை என்றால், எவ்வளவு பேர்போன துப்பாக்கியும் உங்களுக்கு உதவாது.

குழல் 18 முதல் 20 அங்குலம் போதும். குழல் நுனியில் சிறு உருண்டை போன்ற ஒற்றைக் குறிமுனையைவிட, பின்னால் வளையம் உள்ள குறிபார்வை நல்லது. தோளில் மாட்ட வார் கட்டாயம். இல்லாவிட்டால் மண் தோண்டும்போது துப்பாக்கி எங்கோ மரத்தில் சாய்ந்து கிடக்கும். தோள்கட்டை இல்லாமல் வெறும் கைப்பிடி மட்டும் வைத்த குட்டை மாதிரிகளைப் பார்த்து மயங்க வேண்டாம். பார்க்க மிரட்டலாக இருக்கும், குறி தவறும்.

தோட்டாவில் ஸ்லக் மட்டும். சுமார் 28 கிராம் எடையுள்ள ஒற்றை ஈயக்குண்டு அது. பக்‌ஷாட்டில் ஒன்பது சிறு குண்டுகள் சிதறும். கிரிஸ்லியின் தசைக்கும் எலும்புக்கும் அவை ஆழமாகப் போகாது.

பழையது தாராளமாக வாங்கலாம். பம்ப் சுலபத்தில் தேயாது. குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பாருங்கள். தோட்டா உட்காரும் அறையில் துருக்குழி இருந்தால் வெற்றுறை சிக்கும், அதை விட்டுவிடுங்கள். மிச்சமாகும் பணத்தைத் தோட்டாவில் போட்டு, சுடுதளத்தில் பழகுங்கள். புதியவர்கள் பதற்றத்தில் பம்பை முழுதாக இழுக்காமல் பாதியிலேயே தள்ளிவிடுவார்கள். பழுது என்று சொல்லப்படுவதில் நிறைய, இந்தக் கைப்பழக்கம் இல்லாததுதான். நூறு ஸ்லக்காவது சுடாமல் வடக்கே போகாதீர்கள். தோள் வலிக்கும், பரவாயில்லை.

விமானத்தில் துப்பாக்கியை முன்கூட்டியே அறிவித்து, பூட்டிய பெட்டியில் போட வேண்டும்; தோட்டாவுக்கு 5 கிலோ வரை அனுமதி. விடுமுறையில் குளுவான் தேசியப் பூங்காவுக்கு நடக்கப் போவதாக இருந்தால் துப்பாக்கியை முகாமிலேயே பூட்டிவையுங்கள், பார்வையாளர் அங்கே கொண்டுபோகக் கூடாது.

முகாமில், குழலுக்கு அடியிலுள்ள தோட்டாக் குழாய் நிறையத் தோட்டா, அறை காலி: இந்த நிலையில் வைத்திருங்கள். ஹெலிகாப்டருக்கு முன்னால் இரண்டுமே காலி. இரவில் சூடான கூடாரத்துக்குள் கொண்டுபோனால் குளிர்ந்த இரும்பில் நீர் கோத்து, வெளியே வந்ததும் உறையும்; எண்ணெயை ஒட்டத் துடைத்து, கூடாரத்தின் சூடில்லாத முன்பகுதியில் கைக்கெட்டும்படி வையுங்கள். ஒருவேளை கரடியைச் சுட நேர்ந்தால், உடனே வனவிலங்கு அதிகாரிக்குச் சொல்லிவிட வேண்டும். அந்தத் தொலைபேசி எண்ணை வைட்ஹார்ஸிலேயே குறித்து, முகாமின் சாட்டிலைட் போனில் ஏற்றிவிடுங்கள்.