ஆஸ்பத்திரிக்குப் பணம் இருக்கிறது, ஆயாவுக்கு?

(பணம் தொடர்பான வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், தஞ்சை வட்டாரக் கிளைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வங்கி மேலாளர்.)

கேள்வி: எனக்கு வயது 62. அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மாதம் 42,000 ரூபாய் பென்ஷன். மனைவிக்கு 57, இல்லத்தரசி. சொந்த வீடு இருக்கிறது. ஓய்வின்போது வந்த பணத்தில் 34 லட்சத்தை என் பெயரில் ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட்டிருக்கிறேன். மகன் பெங்களூரில், மகள் திருப்பூரில். பென்ஷனர் மருத்துவக் காப்பீடு இருக்கிறதே என்று கவலையில்லாமல் இருந்தேன். இப்போது என் அண்ணா பக்கவாதம் வந்து ஒரு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு ஏஜென்சியில் நாளுக்கு 900 ரூபாய் வாங்குகிறார்கள். அதில் ஒரு பைசாகூடக் காப்பீட்டில் கிடைக்கவில்லை. எங்களுக்கும் இந்த நிலைமை வந்தால்? வீட்டை இப்போதே மகன் பேருக்கு எழுதிவிட்டால் அவன் பார்த்துக்கொள்வான் என்கிறார் மனைவி. சரிதானா?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் மனைவி சொன்னதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம் சார். காரணம் பிறகு.

உங்கள் அண்ணா வீட்டுக் கணக்கைப் போடுவோம். ஆளுக்கு மாதம் 27,000. டயபர், துடைக்கிற டிஷ்யூ, கையுறை எல்லாம் சேர்த்து நாலாயிரம் என்று வையுங்கள். பிசியோதெரபிஸ்ட் வாரம் மூன்று நாள் வந்தால் அது ஓர் ஐந்தாறாயிரம். ஆக 37,000 பக்கம் வருகிறது. வருடத்துக்கு நாலரை லட்சம். இதில் மருந்து சேரவில்லை.

என் மாமியார் கடைசிக் காலத்தில் படுக்கையோடு இருந்தபோது நான் எழுதிய செலவு நோட்டை இந்தப் பதிலுக்காக எடுத்துப் பார்த்தேன். பெரிய தொகை எதுவும் என்னைத் திடுக்கிட வைக்கவில்லை. 'ஆயா ஊருக்குப் போனது, மாற்று ஆள்' என்று அடிக்கடி ஒரு வரி வருகிறது. தீபாவளி, பொங்கல் சமயத்தில் மாற்று ஆள் கேட்ட கூலியே தனி. படுக்கைப் புண் வராமல் இருக்க வாங்கிய காற்று மெத்தைக்கு ஒரு சின்ன மோட்டார், அது ராத்திரி பகலாக ஓடும், அந்தக் கரண்ட் பில். ஆயாவுக்கு மூன்று வேளைச் சாப்பாடு, நாலு தடவை டீ. இப்படித்தான் பணம் கரையும். எந்தப் பாலிசிக்காரரும் இதற்கு ரசீது கேட்கப்போவதில்லை, கொடுக்கப்போவதும் இல்லை. மருத்துவக் காப்பீடு என்பது ஆஸ்பத்திரியில் படுத்தால் வருகிற பணம். டிஸ்சார்ஜ் ஆன பிறகு சில வாரங்களுக்கு மருந்து, பரிசோதனைச் செலவை ஏற்பார்கள். அதோடு சரி.

அதனால் பராமரிப்புக்கென்று தனியாக ஒரு பணம் வேண்டும். படுக்கையில் ஒருவருக்கு மூன்று வருடம் என்று வைத்தால், இன்றைய விலையிலேயே பதின்மூன்று, பதினாலு லட்சம் வருகிறது. உங்களிடம் 34 லட்சம் இருக்கிறது. பயப்பட வேண்டியதில்லை, ஆனால் அதைப் பேரன் பள்ளிக் கட்டணத்துக்கும் மருமகன் தொழிலுக்கும் பங்கு போடாமல் இருக்க வேண்டும். (இந்த மாதிரிக் கடிதங்களில் மருமகன் தொழில் எப்படியாவது வந்துவிடும் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன்.)

20 லட்சத்தை அஞ்சலகத்திலோ வங்கியிலோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு மாற்றுங்கள். 2023 ஏப்ரலில் இதன் உச்சவரம்பை 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக்கினார்கள், வட்டியையும் 8.2 சதவீதமாக உயர்த்தினார்கள். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு வட்டி காலாண்டுக்கு ஒருமுறை மாறலாம். ஆனால் நீங்கள் பணம் போடும் நாளில் என்ன வட்டியோ அதுவே ஐந்து வருடமும் நிற்கும். 8.2 என்றால் 20 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 41,000 ரூபாய். அதை வீட்டுச் செலவில் கலக்காமல் தனிக் கணக்கில் சேரவிடுங்கள், உடம்பு நன்றாக இருக்கிற வருடங்களில் அது வளரும். அவசரம் என்றால் நடுவில் மூடவும் முடியும். ஒரு வருடம் கழிந்திருந்தால் அசலில் ஒன்றரை சதவீதமும், இரண்டு வருடம் கழிந்திருந்தால் ஒரு சதவீதமும் பிடிப்பார்கள்.

கணக்கை மனைவியோடு கூட்டாகத் தொடங்குங்கள். அவருக்கு 60 ஆகாவிட்டாலும் கூட்டாளியாகச் சேர்க்கலாம். 60 ஆனதும் அவர் பெயரிலேயே ஒன்று தொடங்கலாம்.

மனைவியைப் பற்றி நீங்கள் ஒன்றுமே கேட்கவில்லை சார். நீங்கள் படுத்தால் அவர் பார்ப்பார். உங்களைவிட ஐந்து வயது இளையவர், அவர் படுக்கும்போது யார் பார்ப்பது? பென்ஷன் கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதம் என்றால், குடும்ப ஓய்வூதியம் 30 சதவீதம். தொடக்கத்தில் சில காலம் கூடுதல் விகிதம் உண்டு, அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். உங்கள் 42,000 அவர் கைக்கு 25,000 பக்கமாகத்தான் வரும். ஆயா சம்பளத்துக்கே போதாது. ஆகவே அந்த 20 லட்சத்தை முக்கியமாக அவருடைய பணம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கையெழுத்து. 34 லட்சமும் உங்கள் ஒருவர் பெயரில் என்று படித்தவுடன் எனக்குப் பழைய ஞாபகம் வந்தது. கிளையில் இருந்தபோது மைப்பெட்டியும் பணம் எடுக்கும் படிவமும் எடுத்துக்கொண்டு வாடிக்கையாளர் வீட்டுக்கே போயிருக்கிறேன். வலது கை விழுந்துபோன ஒரு பெரியவரிடம் இடது கை ரேகை வாங்கினோம். கை இரண்டும் முடியாவிட்டால் கால் பெருவிரல் ரேகைகூட ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கி விதியிலேயே இருக்கிறது. இரண்டு சாட்சி வேண்டும், அதில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரி. ஆனால் கணக்கு வைத்திருப்பவருக்கு நினைவு தெளிவாக இருக்க வேண்டும். மறதி நோயோ கோமாவோ என்றால் ரேகை செல்லாது. மகனுக்குக் கொடுத்து வைத்த பவர் பத்திரமும் அப்போது செல்லாது, கொடுத்தவருக்குப் புத்தி தெளிவு போனால் பவரும் போய்விடும் என்பதுதான் நம் ஒப்பந்தச் சட்டம். நாமினியும் உதவமாட்டார், அவருக்கு வேலை உங்கள் காலத்துக்குப் பிறகுதான். 2024-ல் கோமாவில் இருந்த கணவரின் சொத்தை விற்றுச் சிகிச்சை பார்க்க, ஒரு மனைவி சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தன்னைப் பாதுகாவலராக நியமிக்கச் சொல்லி உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. ஆகவே இந்த வாரமே வங்கிக்குப் போய் டெபாசிட்டுகளில் மனைவி பெயரைச் சேர்த்து, 'இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்' என்று மாற்றச் சொல்லுங்கள். முதிர்வுக்கு முன்பும் அதே முறையில் எடுக்கலாம் என்று எழுதிக் கொடுக்கவும் மறக்காதீர்கள். பலரும் விடுவது இந்த வரியைத்தான்.

இனி வீடு. உங்கள் மகன் நல்லவராகவே இருக்கட்டும். செட்டில்மென்ட் எழுதிப் பதிவு செய்துவிட்டால் நினைத்தபோது நீங்களாக ரத்து செய்ய முடியாது. உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். உயில் எழுதுங்கள், போதும். இப்போதே மகன் பேருக்கு எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், எங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருக்கட்டும். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 23-ஆம் பிரிவின்படி, பராமரிக்காவிட்டால் அந்தப் பத்திரம் செல்லாது என்று அறிவிக்கச் சொல்லிக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். நிபந்தனை எழுத்தில் இல்லையென்றால் வழக்கு இழுக்கும். வீடு உங்கள் பெயரில் இருந்தால் கடைசியில் மாடியை வாடகைக்கு விட்டாவது ஆயா சம்பளம் கொடுக்கலாம்.

அண்ணாவுக்கு ஒரு யோசனை. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் வலி நிவாரணப் பராமரிப்பும் இலவசமாகச் செய்கிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுங்கள். பென்ஷன்காரர் வீட்டுக்கு எதற்கு என்று கூச்சப்பட வேண்டாம்.

கேள்வி: வயது 48, திருமணம் ஆகவில்லை, தனியார் நிறுவன வேலை. வயதான பிறகு கோவைப் பக்கம் உள்ள முதியோர் குடியிருப்பு ஒன்றில் வீடு வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். இப்போதே முன்பணம் கட்டலாமா?
— ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: அவசரப்படாதீர்கள். 48 வயதில் வாங்குகிற வீட்டுக்கு, குடிபோகும் வரை பராமரிப்புக் கட்டணம் மட்டும் கட்டிக்கொண்டிருப்பீர்கள். போய்ப் பார்க்கும்போது தோட்டத்தையும் சாப்பாட்டுக் கூடத்தையும் காட்டுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது வேறு. நடமாட முடியாமல் போனால் இங்கேயே வைத்துப் பார்ப்பீர்களா, அழைத்துப்போகச் சொல்வீர்களா? உதவிக்கு ஆள் வைத்தால் கட்டணம் எவ்வளவு, கடந்த சில வருடங்களில் எவ்வளவு ஏறியது? நான் விற்க விரும்பினால் யாருக்கு விற்கலாம்? 'அதெல்லாம் பார்த்துக்கலாம் மேடம்' என்று வாயால் சொன்னால் போதாது, ஒப்பந்தத்தில் எந்தப் பத்தியில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். அதுவரை அந்த முன்பணத்தை உங்கள் பெயரிலேயே வளரவிடுங்கள்.

கேள்வி: எனக்கு 68. இதுவரை மெடிக்கல் பாலிசி எடுத்ததில்லை. இனிக் கொடுப்பார்களா?
— ஒரு வாசகர், விழுப்புரம்

பதில்: கேட்கலாம். புதிதாகச் சேர 65 வயதுவரைதான் என்றிருந்த கட்டுப்பாடு 2024 ஏப்ரலிலிருந்து கிடையாது. தனிநபர் பாலிசி பிரீமியத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியும் இல்லை. ஆனால் சர்க்கரை, ரத்த அழுத்தம் எதையும் மறைக்காமல் எழுதுங்கள், ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். 'கோ-பே' எத்தனை சதவீதம் என்று கையெழுத்துப் போடும் முன் பாருங்கள். 20 சதவீதம் என்றால் மூன்று லட்ச ரூபாய் பில்லில் அறுபதாயிரம் உங்கள் கையிலிருந்து போகும்.