பிப்ரவரியில் மண்வெட்டியைத் தொடாதீர்கள்

தம்பி, அக்டோபரில் லண்டன் வந்து ஹாரோ பக்கம் வாடகை வீடு எடுத்தீர்கள், பின்னால் தோட்டம் இருக்கிறது என்றார்கள், பார்த்தால் சேறும் காய்ந்த குச்சியும்தான், எல்லாவற்றையும் கொத்திப் போட்டுவிட்டு இப்போதே முருங்கையும் கறிவேப்பிலையும் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஏப்ரல் வரைக்கும் சும்மா பாருங்கள். உங்கள் கண்ணுக்குச் செத்துக் கிடப்பதில் பாதி, மண்ணுக்குள்ளே தூங்கிக்கொண்டிருக்கிறது.

நான் வந்த முதல் வருஷம் இதே அவசரத்தில்தான் கெடுத்தேன். பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, லேசாக வெயில் தலைகாட்டியதும் ஊர் ஞாபகம் வந்து வேலியோரமாகக் கொத்த ஆரம்பித்தேன், கொத்தக் கொத்த வெங்காயம் மாதிரி வந்துகொண்டே இருந்தது, பழுப்புத் தோல், உச்சியில் பச்சை முளை. முன்னால் குடியிருந்தவர்கள் போட்டது போல என்று அரை வாளி அள்ளிக்கொண்டு சமையலறைக்குள் போனேன். ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் ஒன்றை நறுக்கி மூக்கருகே கொண்டுபோனார். "கண்ணும் எரியல, மணமும் இல்ல, இது என்ன வெங்காயம் மாப்பிள்ளை?" என்று ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டார். அவர் மூக்கு காப்பாற்றியது. அத்தனையும் டாஃபடில் என்கிற பூச்செடியின் கிழங்கு, தின்றால் வாந்தியும் வயிற்று வலியும்தான். இது என் முட்டாள்தனம் மட்டும் இல்லை. 2012இல் பிரிஸ்டலில் சிலர் டாஃபடில் தண்டைச் சீன வெங்காயத்தாள் என்று நினைத்துச் சமைத்துச் சாப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், 2015இல் இந்தப் பூக்கட்டைக் காய்கறிப் பக்கம் வைக்காதீர்கள் என்று சூப்பர்மார்க்கெட்டுகளுக்குச் சுகாதாரத் துறையே எழுதியது. மொட்டாகக் கட்டி வைத்திருக்கும்போது பார்த்தால் நமக்கே வெங்காயத்தாள் ஞாபகம்தான் வரும்.

சரி, என்ன வரும் என்று பார்ப்போம். முதலில் ஸ்னோடிராப். ஜனவரி கடைசியிலேயே எட்டிப் பார்க்கும், விரல் நீளத் தண்டில் தலை கவிழ்ந்த வெள்ளைப் பூ. நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது, குனிந்து ஒன்றை விரலால் நிமிர்த்திப் பாருங்கள், உள் இதழில் பச்சை மையால் வரைந்த மாதிரி சின்னக் குறி இருக்கும். அதற்குப் பின்னால் குரோக்கஸ், ஊதா, மஞ்சள், வெள்ளை. இது குங்குமப்பூவுக்கு உறவு, ஆனால் பாலில் போடலாமே என்று கிளம்பிவிடாதீர்கள், குங்குமப்பூ தருவது இலையுதிர் காலத்தில் பூக்கிற வேறு இனம். மேகம் மூடினால் மூடிக்கொள்ளும், வெயில் பட்டதும் மலர்ந்துவிடும், அந்த நேரம் பார்த்துக் குண்டு வண்டு ஒன்று உள்ளே இறங்கும். குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் தனியாகக் கிடந்து பிழைத்த பம்பிள்பீ ராணி அது. மார்ச்சில் டாஃபடில். பூ முடிந்ததும் இலை தொங்கிக்கொண்டு அசிங்கமாக இருக்கும், பரவாயில்லை, ஒரு ஆறு வாரமாவது விடுங்கள். அடுத்த வருஷத்துப் பூவுக்கான சாப்பாட்டை அந்த இலைதான் கிழங்குக்கு அனுப்புகிறது.

அந்தக் காய்ந்த குச்சிகளையும் பிடுங்காதீர்கள். நகத்தால் பட்டையைக் கொஞ்சம் சுரண்டுங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். ஃபோர்சித்தியாவாக இருந்தால் இலை வருவதற்கு முன்னாலேயே குச்சி முழுக்க மஞ்சளாகப் பூத்து நிற்கும், நம் ஊர்ச் சரக்கொன்றையைச் சித்திரையில் பார்த்த கண்ணுக்கு அது பெரிய ஆறுதல். வேலிச் செடியை வெட்டவேண்டும் என்றால் பிப்ரவரிக்குள் முடித்துவிடுங்கள். மார்ச்சிலிருந்து குருவிகள் கூடு கட்டும், இருக்கிற கூட்டைத் தெரிந்தே கலைத்தால் இந்த நாட்டின் 1981ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அப்புறம், வாடகை வீடு, எதை வெட்டினாலும் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

முருங்கையை மறந்துவிடுங்கள், வெளியே வைத்தால் ஒரு உறைபனிக்குத் தாங்காது. கறிவேப்பிலைத் தொட்டி வருஷத்தில் பாதிக்கு மேல் வீட்டுக்குள்தான், ஜூனில் வெளியே எடுத்து செப்டம்பரில் உள்ளே கொண்டுபோக வேண்டும், குளிர்காலத்தில் இலை கொட்டினாலும் பயந்து தண்ணீரை ஊற்றாதீர்கள், வேர் அழுகிவிடும். என்னுடைய முதல் இரண்டு செடியும் அப்படித்தான் போயின.

கை அரிக்கிறது என்றால் வீட்டுக்குள் வேலை இருக்கிறது. வரமிளகாயில் உதிர்த்த விதையைத் தயிர் டப்பாவில் போட்டு, ஹீட்டர் பக்கத்து ஜன்னலில் இப்போதே வைக்கலாம். மார்ச்சில் தக்காளி. இரண்டையும் மே பாதி தாண்டித்தான் வெளியே நடவேண்டும், ஏப்ரலில் நான்கு நாள் வெயிலடித்ததும் ஏமாந்து நட்டால் ஒரே ராத்திரியில் கருகிவிடும், தப்பியதை நத்தை தின்னும். ஏப்ரலில் தைரியமாக மண்ணில் தூவலாம் என்றால் வெந்தயமும் கொத்தமல்லியும்தான், இரண்டும் இந்தக் குளிரைப் பொறுத்துக்கொள்ளும்.

மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். அதற்கப்புறம் வேலை முடிந்து வந்தாலும் வெளியே வெளிச்சம் இருக்கும். அதுவரை எந்தெந்த இடத்தில் என்ன முளைத்தது என்று போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கோடையில் எல்லாம் மண்ணுக்குள் மறைந்த பிறகு எங்கே கொத்தக்கூடாது என்று அந்தப் படம்தான் சொல்லும்.