கேளுங்க சொல்றேன்: மங்கி கேப்பை கழட்டிட்டு வாங்க

நாப்பத்தொண்ணு வயசுல ஊட்டில குதிரை சவாரி கத்துக்க ஆரம்பிச்சேன்னு போன இதழ்ல போறபோக்குல ரெண்டு வரி எழுதினேன், அவ்வளவுதான், கேள்வியா வந்து குவிஞ்சிருச்சு. எல்லாத்துக்கும் இடமில்ல, நாலஞ்சு எடுத்துக்கறேன்.

அடுத்த வாரம் முதல் கிளாஸ். ஜீன்ஸ், ஸ்போர்ட்ஸ் ஷூ போதுமா, இல்ல முட்டி வரைக்கும் பூட்ஸ் வாங்கணுமா? (வாசகி, குன்னூர்)

பூட்ஸ் இப்ப வாங்காதீங்கம்மா. பத்து கிளாஸ் போய் இது நமக்கு ஒத்துவருதான்னு பாத்துட்டு வாங்கிக்கலாம். ஆனா ஸ்போர்ட்ஸ் ஷூ வேணவே வேணாம். கால் வைக்கிற இரும்பு வளையம் இருக்கே, அங்கவடி, கிளாஸ்ல எல்லாரும் ஸ்டிரப்னுதான் சொல்வாங்க, ஹீல் இல்லாத ஷூன்னா அதுக்குள்ள பாதம் வழுக்கி முழுசா பூந்துரும், அந்த நேரம் பாத்து விழுந்தோம்னா கால் மாட்டிக்கிட்டு குதிரை நம்மள தரதரன்னு இழுத்துட்டு போயிரும். விழுறத விட அதுதான் பயங்கரம். ஒரு இன்ச் ஹீல், வழவழன்னு சோல், கணுக்கால மூடற ஷூ, அது போதும். இங்க மலையில நிறைய பேர்கிட்ட ட்ரெக்கிங் ஷூ இருக்கும், அதையும் மாட்டிட்டு வந்துராதீங்க, பல்லு பல்லா இருக்கற சோல் ஸ்டிரப்ல சிக்கிக்கும்.

ஜீன்ஸ் பத்தி நான் பட்டு தெரிஞ்சுக்கிட்டேன். தொடையோட உள்பக்கம் கெட்டியா ஒரு தையல் ஓடுமே, அரைமணி நேரத்துல அது தோல உரிச்சிருச்சு, ரெண்டு நாள் தேங்காண்ணெய் தடவிட்டு வாத்து மாதிரி நடந்தேன். இழுத்தா நீளற டைட் பேன்ட் போட்டுக்கங்க. துப்பட்டா, சால்வை, இடுப்புல கட்டற ஸ்வெட்டர், இதெல்லாம் வீட்டோட இருக்கட்டும். ஒருநாள் என் சால்வை காத்துல படபடன்னு அடிக்கவும் குதிரை ரெண்டடி பக்கவாட்டுல தாவுச்சு பாருங்க, நான் அது கழுத்த கட்டிக்கிட்டு அம்மான்னு கத்தினது கேட் வரைக்கும் கேட்டுச்சாம். சரசரன்னு சத்தம் போடற பிளாஸ்டிக் ரெயின்கோட்டும் அதே கதைதான். மோதிரம், வளையல் கழட்டிருங்க.

ஹெல்மெட்டுக்கு மட்டும் கஞ்சத்தனம் பாக்காதீங்க. பைக் ஹெல்மெட் கனம், கழுத்த திருப்ப விடாது, பக்கத்துல என்ன இருக்குன்னு பாக்க விடாது. சவாரிக்குன்னே செஞ்சது வேணும், உள்ள ஏஎஸ்டிஎம் எஃப்1163 மாதிரி தர முத்திரை இருக்கான்னு பாருங்க. புருவத்துக்கு மேல ரெண்டு விரல் அளவுல நேரா உக்காரணும், கையால அசைச்சா நெத்தித் தோலும் கூடவே அசையணும். நம்ம ஊர் ஆளுங்க காலைல குளிருக்கு மங்கி கேப்ப போட்டு அதுக்கு மேல ஹெல்மெட்ட வைப்பாங்க, அப்படி வச்சா அது தலைய இறுக்கிப் பிடிக்கவே பிடிக்காது, விழும்போது வழுக்கிட்டு போயிரும். உச்சிக்கொண்டையும் கூடாது, தாழ பின்னல் போட்டுக்கங்க. ஒருதடவ அந்த ஹெல்மெட்டோட தலை தரையில அடிச்சா, வெளிய கீறல் இல்லாட்டியும் அத தூக்கிப் போட்டுரணும்.

போட் ஹவுஸ் பக்கம் பத்து தடவையாவது குதிரையில போயிருக்கேன். நேரா ஓட்டத்துக்கு போயிரலாமா அண்ணா? (கல்லூரி மாணவர், ஊட்டி)

அண்ணா இல்லப்பா, அக்கா. அங்க கயித்த பிடிச்சிட்டு ஒருத்தர் முன்னாடி நடக்கறாரு, குதிரை அவரு பின்னாடி போகுது, நீ மேல உக்காந்து போட்டோ எடுத்துக்கற. தப்பில்ல, ஆனா அது சவாரி இல்ல. கிளாஸ்ல முதல்ல தரையில நிக்கத்தான் சொல்லிக்குடுப்பாங்க. குதிரைக்கு கண்ணு ரெண்டும் பக்கவாட்டுல, அதனால நேர் பின்னாடியும் மூக்குக்கு நேர் முன்னாடியும் இருக்கறது தெரியாது, நீ அதோட இடது தோள்பட்டை பக்கமா ஏதாச்சும் பேசிக்கிட்டே போகணும். ஏறறதும் இடதுபக்கந்தான், அந்தக் காலத்துல வாள் இடது இடுப்புல தொங்கும், வலது கால தூக்கிப் போட்டாத்தான் இடிக்காதுன்னு வந்த பழக்கமாம், வாள் போயிருச்சு, பழக்கம் போகல. ஏறறதுக்கு முன்னாடி, சேணம் நழுவாம கட்டற வயித்துப்பட்டை டைட்டா இருக்கான்னு பாரு, பத்து நிமிஷம் நடந்தப்புறம் இன்னொரு தடவ பாரு, ஏன்னா சில குதிரைங்க பட்டை கட்டும்போது வயித்த உப்பி வச்சுக்கும். அதுங்களும் விவரந்தான்.

அப்புறம் லஞ்சிங்னு ஒண்ணு, சாப்பாடு இல்லப்பா, நடுவுல மாஸ்டர் நீளக் கயித்த பிடிச்சு நிக்க, குதிரை வட்டமா சுத்தும். கடிவாள வார உன் கையில குடுக்கவே மாட்டாங்க. தடுமாறும்போது வார இழுத்து பேலன்ஸ் பண்ணினா அது குதிரை வாய்க்குள்ள இருக்கற இரும்புல போய் வலிக்கும், அதுக்குத்தான். தடுமாறினா பிடரிமயிர பிடிச்சுக்க. நடக்கும்போது குளம்பு தட்டற சத்தம் நாலு நாலா கேக்கும், ட்ராட்டுல, அதான் துள்ளு நடையில, ரெண்டு, கேன்டர்ல, அதான் மெதுவான ஓட்டத்துல, மூணு. அந்த ரெண்டு தட்டுக்கு எழுந்து எழுந்து உக்காரவே எனக்கு ஆறு கிளாஸ் ஆச்சு, ஓட்டத்த அப்புறம் பேசுவோம்.

என் எடை 92 கிலோ. போனா சிரிப்பாங்களா? (வாசகர், கோத்தகிரி)

சிரிக்க மாட்டாங்க, ஆனா போன்லயே உண்மைய சொல்லிருங்க. சேணத்தையும் சேத்து குதிரையோட எடையில 20 சதவீதத்துக்கு மேல ஏத்தக்கூடாதுன்னு பொதுவா ஒரு கணக்கு இருக்கு. நீங்க, சேணம், ஷூ எல்லாம் சேந்து நூறு கிலோன்னா 500 கிலோ குதிரை வேணும், மட்டக்குதிரை தாங்காது. எப்பவும் முக்காலி மேல நின்னு ஏறுங்க, தரையிலேர்ந்து தொங்கி ஏறினா குதிரை முதுகுக்கு கஷ்டம்.

டிசம்பர் லீவுல பையன காலைல ஆறரை மணி கிளாசுக்கு அனுப்பலாமா? (வாசகி, கோயம்புத்தூர்)

வேணாங்க. டிசம்பர், ஜனவரில ஊட்டில விடிகாலை புல்லு மேல உறைபனி வெள்ளையா கிடக்கும், தரை வழுக்கும், குளிருக்கு குதிரையும் துள்ளிக்கிட்டு நிக்கும். எட்டரைக்கு மேல வெயில் வந்தப்புறம் அனுப்புங்க. கடிவாள இரும்ப மாட்டறதுக்கு முன்னாடி கையில தேச்சு சூடு பண்றாங்களான்னு பாருங்க, பண்ணினா அது நல்ல இடம். டெட்டனஸ் வராம இருக்க போடற டிடி ஊசி போட்டு பத்து வருஷம் ஆகலயான்னும் பாத்துக்கங்க, குதிரைச் சாணி கலந்த மண்ணுல அந்தக் கிருமி இருக்கும்.

குதிரைக்கு என்ன குடுக்கலாம்? கடிச்சிருமோன்னு பயம். (எட்டாவது படிக்கிற வாசகி, கேத்தி)

உங்க ஊர்ல இருந்துக்கிட்டு இந்தக் கேள்வியாம்மா, கேரட்டு இருக்கே! மாஸ்டர்கிட்ட கேட்டுட்டு குடு. வட்டவட்டமா நறுக்காத, தொண்டையில அடைச்சுக்கும், குதிரையால வாந்தியும் எடுக்க முடியாது. நீளவாக்குல வெட்டி, உள்ளங்கைய தட்டு மாதிரி விரிச்சு, கட்டைவிரல ஒட்டி வச்சுக்கிட்டு நீட்டு, உதட்டாலயே மெதுவா எடுத்துக்கும். கூசும், கைய இழுத்துராத.